மின்சாரத்தில் அழுத்தும் குப்பை லாரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குப்பை காம்பாக்டர் லாரியின் அழுத்தும் அமைப்பை இன்ஜினிலிருந்து பிரித்து மின்மோட்டாரில் ஓட்டுவது பற்றி நகராட்சிப் பொறியாளர்களும் ஒப்பந்ததாரர்களும் பணிமனை மெக்கானிக்குகளும் கேட்கும் கேள்விகள் இவை. கணக்கு வரும் இடங்களில் எல்லாம் 14 கன மீட்டர் பெட்டி கொண்ட, பின்பக்கம் ஏற்றும் லாரியை எடுத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் வண்டியின் சிலிண்டர் அளவும் பம்ப் அளவும் வேறாக இருந்தால், அதே வழியில் உங்கள் எண்களைப் போட்டுப் பார்க்கலாம்.

மின்சார காம்பாக்டர் என்றால் வண்டியே பேட்டரியில் ஓட வேண்டுமா?

வேண்டியதில்லை. மூன்று வகை இருக்கிறது. முதல் வகையில் லாரி டீசலில் ஓடும். பின்புற அமைப்புக்கு மட்டும் தனி பேட்டரி, தனி மோட்டார், தனி பம்ப். இரவில் ஷெட்டில் பிளக் போட்டு சார்ஜ் ஏற்றுவார்கள். இரண்டாவது முழு மின்சார லாரி. வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரியிலிருந்தே அழுத்தும் அமைப்புக்கும் மின்சாரம் போகும். நியூயார்க் நகரத் துப்புரவுத் துறை சோதித்துப் பார்த்த மேக் எல்.ஆர். எலெக்ட்ரிக், பிரிட்டனின் டென்னிஸ் ஈகிள் இ-கலெக்ட் இரண்டும் இந்த வகை. இ-கலெக்ட்டில் 300 கிலோவாட்-மணி பேட்டரி. இந்த இரண்டு வகையிலும் தகட்டைத் தள்ளுவது பழைய ஹைட்ராலிக் சிலிண்டர்தான். பம்பைச் சுற்றுவது மட்டும் மாறுகிறது. மூன்றாவது வகையில் ஆயிலே கிடையாது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

இப்போதுள்ள டீசல் பி.டி.ஓ.வில் என்ன குறை?

கியர்பாக்ஸில் பொருத்திய பி.டி.ஓ. (இன்ஜின் விசையை வேறு வேலைக்குப் பிரித்தெடுக்கும் இணைப்பு) வழியாக இன்ஜின்தான் ஹைட்ராலிக் பம்பைச் சுற்றுகிறது. பி.டி.ஓ. போட்டிருக்கும் வரை, யாரும் பொத்தானை அழுத்தாவிட்டாலும் பம்ப் சுற்றும். ஆயில் தொட்டியிலிருந்து வால்வு வழியாகத் தொட்டிக்கே திரும்பும். குழாயைத் திறந்துவிட்டுக் குடத்தை எப்போதாவது கொண்டுவந்து வைப்பது போன்ற ஏற்பாடு இது. ஐந்தாறு லிட்டர் கொள்ளளவு இன்ஜின் ஐடிலில் மணிக்கு ஏறக்குறைய 2 லிட்டர் டீசல் குடிக்கும். அழுத்தும் சுற்று நடக்கும்போது வேகத்தை ஏற்றுவதால் அது இன்னும் கூடும்.

மின்மோட்டாரின் பலன் இங்கேதான் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் சுற்றும், சுற்று முடிந்தால் நிற்கும். பேட்டரி, அதன் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் எல்லாம் இந்த ஒரு காரியத்துக்கான கருவிகள். பம்ப் தேவையில்லாத நேரத்தில் நிற்கவில்லை என்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அந்த வண்டியால் லாபமில்லை.

முதல் வகை வண்டி வாங்குகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று. குப்பைத் தொட்டி தூக்கும் நேரத்தில் டிரைவர் இன்ஜினை அணைக்காமல் விட்டால் டீசல் மிச்சமாகாது. ஏர் பிரேக்கில் காற்று குறையும், ஏ.சி. நின்றுபோகும், அடிக்கடி ஸ்டார்ட் செய்தால் ஸ்டார்ட்டர் போய்விடும் என்று டிரைவர்கள் அணைக்கத் தயங்குவார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆகவே கனமான ஸ்டார்ட்டர், காற்றுக் கசிவு இல்லாத பிரேக் லைன், நல்ல நிலையில் உள்ள 24 வோல்ட் பேட்டரி மூன்றையும் முதலில் சரிசெய்துவிட்டு, பிறகு அணைக்கச் சொல்ல வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் தொட்டி இருக்கும் தெருவில் 20 விநாடிக்கு ஒருமுறை அணைத்துப் போடச் சொல்வதும் சரியில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கும் இடங்களில் அணைத்தால் போதும்.

ஒரு அழுத்தும் சுற்றில் எவ்வளவு ஆயில், எவ்வளவு மின்சாரம் செலவாகிறது?

சுற்றில் நான்கு அசைவுகள். பேக்கர் தகடு பின்னோக்கித் திறக்கும். தகட்டைத் தாங்கி நிற்கும் ஸ்லைடு கீழே இறங்கும். தகடு ஹாப்பரில் (பின்னால் குப்பை கொட்டும் வாய்ப்பகுதி) கிடக்கும் குப்பையை வாரி அணைக்கும். ஸ்லைடு மேலேறிக் குப்பையைப் பெட்டிக்குள் திணித்து நசுக்கும். அழுத்தம் உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் நான்காவது அசைவின் கடைசிப் பகுதியில் மட்டும்.

சிலிண்டர் உள்விட்டம் 100 மி.மீ., ராடு 60 மி.மீ., ஓட்டம் 700 மி.மீ., தகட்டுக்கு இரண்டு, ஸ்லைடுக்கு இரண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜோடி நீள்வதற்கு 11 லிட்டர், சுருங்குவதற்கு 7 லிட்டர். நான்கு அசைவுக்கும் சேர்த்து 36 லிட்டர். நிமிடத்துக்கு 110 லிட்டர் தரும் பம்ப் என்றால் சுமார் 20 விநாடி. சராசரி அழுத்தம் 100 பார் என்று எடுத்தால் ஆயிலுக்குள் போகும் ஆற்றல் 100 வாட்-மணி. இன்வெர்ட்டர், மோட்டார், பம்ப், வால்வு இழப்புகளைச் சேர்த்து மொத்தத் திறன் 75 சதவீதம் என்றால் பேட்டரியிலிருந்து போவது சுமார் 135 வாட்-மணி. ஏழெட்டுச் சுற்றுக்கு ஒரு யூனிட்.

மின்மோட்டார் போட்டால் குப்பை இன்னும் அதிகமாக நசுங்குமா?

நசுங்காது. தகட்டின் பலம் ஆயில் அழுத்தத்தையும் சிலிண்டர் பரப்பையும் மட்டும் சார்ந்தது. 100 மி.மீ. சிலிண்டரில் 180 பார் என்றால் 14 டன்னுக்குச் சற்று மேல். இரண்டும் சேர்ந்து 28 டன். பம்பை யார் சுற்றினாலும் இதுதான்.

எவ்வளவு நெருக்கமாக அடைபடும் என்பதைத் தீர்மானிப்பது வேறு ஒரு இடம்: பெட்டிக்குள் இருக்கும், இறக்கும்போது குப்பையை வெளியே தள்ளும் எஜெக்டர் தகட்டின் எதிரழுத்த வால்வு. குப்பை வந்து தள்ளத் தள்ள எஜெக்டர் மெல்ல முன்பக்கம் நகர்ந்து இடம் விட வேண்டும். வால்வைத் தளர்த்தி வைத்திருந்தால் சும்மா நகர்ந்துவிடும். பெட்டி நிறைந்தது போலத் தெரியும், எடை மேடையில் பாதிதான் காட்டும். இறுக்கிவிட்டால் ஒவ்வொரு சுற்றும் ரிலீஃப் வால்வு (அழுத்தம் வரம்பை மீறினால் ஆயிலைத் தொட்டிக்குத் திருப்பும் வால்வு) திறக்கும் வரை முட்டி நிற்கும். பேட்டரி வீணாகக் காலியாகும், பெட்டியின் பக்கத் தகடும் வெளியே புடைக்கும். டீசல் வண்டியில் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் படாது. மின்சார வண்டியில் பேட்டரி சதவீதத்தில் அன்றே தெரிந்துவிடும்.

நம் ஊர்க் கலப்புக் குப்பையில் காய்கறிக் கழிவும் சோறும் அதிகம். ஈரமான குப்பை ஏற்கெனவே அடர்த்தியானது. அதை 180 பாரில் பிழிந்தால் இடம் அதிகம் மிச்சமாகாது, கசிவுநீர்தான் கொட்டும். மக்கும் குப்பை மட்டும் ஏற்றும் வண்டிக்கு 120 பார் அளவில் ஒரு தனி அமைப்பை கன்ட்ரோலரில் வைத்துக்கொள்ளலாம். மின்மோட்டார் தரும் உண்மையான வசதிகளில் இது ஒன்று: மோட்டாரின் முறுக்குவிசைக்கு வரம்பு போட்டாலே அழுத்தத்துக்கும் வரம்பு வந்துவிடும். ரிலீஃப் வால்வுக்கு மாற்று என்று இதை நினைத்துவிடக் கூடாது. வால்வு தன் இடத்தில் 200 பாரில் இருந்தே தீர வேண்டும்.

எத்தனை கிலோவாட் மோட்டார் தேவை?

கிலோவாட் = லிட்டர்/நிமிடம் × பார் ÷ 600. மேலே சொன்ன வண்டிக்கு 110 × 180 ÷ 600 = 33 கிலோவாட். பம்ப் திறன் 85 சதவீதம் என்றால் மோட்டார் தண்டில் 39 கிலோவாட். இதைப் பார்த்துவிட்டு 40 கிலோவாட் மோட்டார் கேட்பவர்கள் உண்டு. அவ்வளவு தேவையில்லை. முழு ஓட்டமும் முழு அழுத்தமும் ஒரே நேரத்தில் வேண்டியதில்லையே. தகடு காலியாகத் திறக்கும்போது 40 பார் போதும், வேகமாக ஓடட்டும். குப்பை எதிர்க்கத் தொடங்கியதும் மோட்டார் நிமிடத்துக்கு 1,850 சுற்றிலிருந்து 1,100-க்கு இறங்கி 180 பார் தரட்டும். அப்போது சுமார் 25 கிலோவாட்டில் முடிந்துவிடும். சுற்று இரண்டு மூன்று விநாடி நீளும்; அதற்குள் தொழிலாளி அடுத்த தொட்டியை உருட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டார்.

ஆனால் முறுக்குவிசையில் கை வைக்கக் கூடாது. தண்டு ஒருமுறை சுழன்றால் 63 கன செ.மீ. தரும் பம்புக்கு 180 பாரில் ஏறக்குறைய 180 நியூட்டன்-மீட்டர் வேண்டும். உராய்வையும் சேர்த்தால் 200. "30 கிலோவாட்" என்று அட்டையில் எழுதியிருந்தும் 120 நியூட்டன்-மீட்டரில் நின்றுவிடும் வேகமான மோட்டார்கள் உண்டு. அதை நேராகப் பம்பில் மாட்டினால் தகடு குப்பையில் பாதியில் முட்டி நிற்கும், கன்ட்ரோலர் ஓவர்கரன்ட் காட்டும்.

பேட்டரி எவ்வளவு இருக்க வேண்டும்?

சுற்றின் எண்ணிக்கையிலிருந்து கணக்கிடுங்கள். 1,100 லிட்டர் தொட்டிகள் ஒரு நடைக்கு 40, நாளுக்கு இரண்டு நடை, தொட்டிக்கு ஒரு சுற்று என்றால் 80 சுற்று. 80 × 135 = சுமார் 10.8 கிலோவாட்-மணி. தொட்டித் தூக்கி, டெயில்கேட் (பின்கதவு), எஜெக்டர், கட்டுப்பாட்டு மின்சாரம் எல்லாம் சேர்த்து 12. எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியில் 80 சதவீதம்தான் பயன்படுத்த வேண்டும் என்பதால் 15 கேட்கும். சில ஆண்டுகளில் கொள்ளளவு 80 சதவீதமாகக் குறையும் என்பதையும் சேர்த்தால் 19. ஆகவே 20 கிலோவாட்-மணி சரியான அளவு. எடை 150 முதல் 200 கிலோ.

இதைவிடச் சிறிதாக வாங்கினால் வேறு ஒரு சிக்கலும் வரும். 10 கிலோவாட்-மணி பேட்டரியிலிருந்து 25 கிலோவாட் இழுப்பது அதன் கொள்ளளவைப் போல் இரண்டரை மடங்கு. ஒவ்வொரு சுற்றிலும் வோல்டேஜ் சரியும், செல் சூடாகும், கோடையில் பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு) மின்சாரத்தைக் குறைத்துவிடும்.

இரவு சார்ஜுக்கு 3.3 கிலோவாட் சார்ஜர் போதும். 16 ஆம்பியர் பிளக்கில் நான்கு மணி நேரம், 13 யூனிட்டுக்குச் சற்று மேல். பி.எம்.எஸ். செல்களைச் சமன்படுத்துவது சார்ஜ் நிறையும் கடைசிப் பகுதியில்தான். ஆகவே வாரத்துக்கு ஒருமுறையாவது 100 சதவீதம் வரை ஏற்றி, அதன் பிறகும் ஓரிரு மணி நேரம் பிளக்கிலேயே விட்டுவைக்க வேண்டும். தினமும் 90-இல் பிடுங்கும் ஷெட்களில் சில மாதங்களில் "பேட்டரி சீக்கிரம் காலியாகிறது" என்ற புகார் வரும். பல நேரம் செல் கெட்டிருக்காது, சமன் குலைந்திருக்கும்.

லாரியில் ஏற்கெனவே இருக்கும் 24 வோல்ட்டிலேயே ஓட்ட முடியாதா?

25 கிலோவாட்டை 24 வோல்ட்டில் எடுத்தால் 1,000 ஆம்பியருக்கு மேல். அந்தத் தடிமனில் கேபிள் இழுப்பதும் நடக்காது, கனெக்டரும் தாங்காது. 360 வோல்ட்டில் அதுவே 70 ஆம்பியர். மேக் எல்.ஆர். எலெக்ட்ரிக்கில் துணை அமைப்புகளுக்கு 12, 24, 600 வோல்ட் என மூன்று மின்சுற்றுகள் வைத்திருப்பதன் காரணமும் இதுதான்: விளக்கும் சென்சாரும் குறைந்த வோல்ட்டில், ஹைட்ராலிக் பம்ப் உயர் வோல்ட்டில். தொட்டித் தூக்கியை மட்டும் மின்சாரத்தில் ஓட்டும் சிறிய வண்டிக்கு 48 வோல்ட் போதும்.

ஆயிலே இல்லாத அழுத்தும் அமைப்பு உண்டா?

உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் போய்வன் எவல்யூஷன் என்ற நிறுவனம் லயன் எலெக்ட்ரிக்கின் லாரிக்காகச் செய்த பக்கவாட்டு ஏற்றி அப்படிப்பட்டது. கையும் அழுத்தும் தகடும் மின்மோட்டார் ஆக்சுவேட்டர்களால் நகரும். ஹோஸ் வெடித்துத் தெருவில் ஆயில் கொட்டும் தொல்லை இல்லை. வால்வில் ஆயில் சூடாகி வீணாவதும் இல்லை.

ஆனாலும் ஈரக் குப்பை ஏற்றும் பின்பக்க லாரிக்கு இப்போதைக்கு ஹைட்ராலிக்கே நல்லது என்பது எங்கள் கருத்து. தகட்டுக்கு நடுவே கான்கிரீட் துண்டோ இரும்புக் கம்பியோ மாட்டினால் வரும் அதிர்ச்சியை ரிலீஃப் வால்வு விழுங்கிக்கொள்ளும். திருகுத் தண்டு ஆக்சுவேட்டரில் அந்த அடி நேராகத் திருகிலும் பேரிங்கிலும் விழும். சீல் போன சிலிண்டரை எந்த ஊர்ப் பணிமனையிலும் பிரித்து மாட்டலாம். திருகு ஆக்சுவேட்டர் போனால் முழுசாக மாற்ற வேண்டும்.

சத்தம் குறைந்த வண்டி தொழிலாளிக்குப் பாதுகாப்பானதா?

தெருவுக்கு நல்லது. விடியற்காலையில் இன்ஜின் உறுமாமல் வேலை நடக்கும். தொழிலாளியின் காதுக்கும் மூச்சுக்கும் நல்லது. புகைக்குழாய்க்குப் பின்னால் நின்று நாள் முழுவதும் வேலை செய்பவர் அவர். ஆனால் ஹாப்பர் அருகில் புது ஆபத்து ஒன்று சேர்கிறது.

டீசல் வண்டியில் தகடு அசையும் முன் இன்ஜின் வேகம் ஏறும். அந்தச் சத்தம் கேட்டதும் கை தானாகப் பின்னால் போகும். மின்சார வண்டியில் அந்த எச்சரிக்கை இல்லை. ஹாப்பர் விளிம்பில் ஒரு தென்னை மட்டை குறுக்கே மாட்டியிருக்கிறது, ஒருவர் அதை இழுத்துக்கொண்டிருக்கிறார், மறுபக்கம் நிற்பவர் அதைக் கவனிக்காமல் பொத்தானை அழுத்துகிறார் என்றால், அரை விநாடியில் தகடு அசைந்துவிடும். ஆகவே கீழே சொல்பவற்றில் எதையும் செலவு காட்டி விட்டுவிடக் கூடாது.

பொத்தான் அழுத்தியதும் ஒரு விநாடி பஸ்ஸர் அடித்து, அதன் பிறகுதான் மோட்டார் தொடங்க வேண்டும். தகட்டின் விளிம்புக்கும் ஹாப்பர் விளிம்புக்கும் இடைவெளி மூடும் அசைவு முழுவதும் பொத்தானைப் பிடித்தே இருக்க வேண்டும். விட்டால் அந்தக் கணமே நிற்க வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தான் இரு பக்கமும் வேண்டும். அது கன்ட்ரோலருக்குச் செய்தி அனுப்புவதோடு நிற்காமல், பாதுகாப்பு ரிலே வழியாக மோட்டாருக்கான மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும். மோட்டார் நின்ற பிறகும் ஸ்லைடு தன் எடையால் இறங்காதபடி சிலிண்டரிலேயே தாங்கும் வால்வு இருக்க வேண்டும்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். யாராவது சிக்கிக்கொண்டால் தகட்டைப் பின்னோக்கித் திறக்கும் மீட்புப் பொத்தான், அவசர நிறுத்தத்துக்குப் பிறகும் வேலை செய்ய வேண்டும். பேட்டரி காலி என்று கன்ட்ரோலர் அதையும் மறுத்தால் என்ன ஆகும்? இதற்காகவே 10 சதவீத பேட்டரியை ஒதுக்கி, அதை அழுத்தும் சுற்றுக்குத் தராமல் மீட்புக்கும் எஜெக்டருக்கும் மட்டும் தரும்படி அமைக்கச் சொல்லுங்கள். அதோடு ஒரு கைப்பம்பும் வண்டியிலேயே இருக்கட்டும்.

பின்படிக்கட்டில் ஆள் நிற்கும்போது ரிவர்ஸ் விழக்கூடாது, வேகம் 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பாவின் ஈ.என். 1501-1 தரத்தில் உள்ள விதி. சத்தமில்லாமல் பின்னால் வரும் வண்டிக்கு இது இன்னும் அவசியம்.

மோட்டார் சுற்றுகிறது, தகடு அசையவில்லை. ஏன்?

வண்டி புதிதாகவோ, மோட்டார் கேபிள் கழற்றி மாட்டியதாகவோ இருந்தால் முதலில் சுற்றும் திசையைப் பாருங்கள். இன்வெர்ட்டருக்கும் மோட்டாருக்கும் இடையே இரண்டு கேபிள் இடம் மாறினால் சில அமைப்புகளில் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். பம்ப் ஆயிலை எடுக்காது. தண்டு சீல் பக்கம் அழுத்தம் போய் சில விநாடியில் சீல் பிதுங்கும். கேபிள் கழற்றிய பின் முதல் ஓட்டத்தை நிமிடத்துக்கு 100 சுற்று வேகத்தில், ஒரு விநாடி மட்டும் செய்து திசையை உறுதிசெய்வது நல்ல பழக்கம்.

திசை சரி என்றால் அழுத்தமானியைப் பாருங்கள். அழுத்தம் ஏறவே இல்லை என்றால் ரிலீஃப் வால்வில் தூசி மாட்டித் திறந்தபடி நிற்கலாம், அல்லது திசை வால்வை நகர்த்தும் மின்காந்தமான சோலனாய்டுக்கு 24 வோல்ட் வராமல் இருக்கலாம். சோலனாய்டில் வோல்டேஜ் இருந்தும் அசையவில்லை என்றால், அதன் பின்னால் உள்ள கை ஊசியைத் தள்ளிப் பாருங்கள். ஹாப்பர் அருகே யாரும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். தள்ளியதும் தகடு அசைந்தால் கோளாறு காயிலில், அசையாவிட்டால் வால்வுக்குள் நகரும் ஸ்பூலில்.

சுற்று பாதியில் நின்றுவிடுகிறதே?

பெரும்பாலும் பிராக்ஸிமிட்டி சென்சார். தகடு முனைக்கு வந்ததைக் கன்ட்ரோலருக்குச் சொல்வது அதுதான். அதற்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளி பொதுவாக 3 முதல் 5 மி.மீ. ஸ்லைடின் தேய்மானப் பட்டை தேய்ந்தால் இடைவெளி கூடிவிடும். சென்சார் முகத்தில் கசிவுநீர்ச் சேறு காய்ந்து, அதில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் பொய்யாக "வந்துவிட்டது" என்று சொல்லும். புது சென்சார் வாங்கும் முன் துணியால் துடைத்துப் பாருங்கள்.

மாலை நேரத்தில் மட்டும், அதுவும் கனமான குப்பையில் மட்டும் நின்றால் பேட்டரி வோல்டேஜ் சரிவைச் சந்தேகியுங்கள். அழுத்தம் உச்சத்துக்குப் போகும் கணத்தில் வோல்டேஜ் இன்வெர்ட்டரின் கீழ் வரம்பைத் தாண்டி இறங்கும், அது டிரிப் ஆகும், மறு நிமிடம் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். கன்ட்ரோலர் பதிவில் அந்தக் கணத்தின் வோல்டேஜைப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

தொடங்கும்போதே கடகடவென்று பம்ப் சத்தமிட்டால் அது காற்றோ, வேகமான தொடக்கமோ. மின்மோட்டார் கால் விநாடியில் முழு வேகத்துக்குப் போகும். உறிஞ்சு குழாயில் ஆயில் அவ்வளவு விரைவாக வராது. தொடக்க நேரத்தை 0.6 முதல் 1 விநாடியாக மாற்றிப் பாருங்கள். சத்தம் நிற்கவில்லை என்றால் உறிஞ்சு வலையைக் கழற்றிக் கழுவுங்கள், உறிஞ்சு ஹோஸ் கிளாம்பையும் பாருங்கள்.

தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் "இன்சுலேஷன் கோளாறு" என்று வருகிறது. என்ன செய்வது?

உயர் வோல்ட் சுற்றுக்கும் சேஸிஸுக்கும் இடையே கசிவு இருக்கிறது என்று அர்த்தம். மின்வாகனங்களுக்கான ஐ.நா. ஆர்.100 விதிப்படி டி.சி. சுற்றுக்கு வோல்ட்டுக்கு 100 ஓம், ஏ.சி.யும் இணைந்த சுற்றுக்கு 500 ஓம் குறைந்தபட்சம் இருக்க வேண்டும். 360 வோல்ட் அமைப்புக்கு 500 என்றால் 1.8 லட்சம் ஓம். நல்ல நிலையில் உள்ள வண்டி இதைவிடப் பல மடங்கு, மெகா ஓம்களில் காட்டும்.

கோளாறு செய்தியை அழித்துவிட்டு ஓட்டக் கூடாது. கழுவிய உடனே வந்து, வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றதும் போய்விட்டால், ஏதோ ஒரு கனெக்டரின் ரப்பர் சீலோ கேபிள் கிளாண்டோ போயிருக்கிறது. புதுக் கசிவுநீர் அமிலத் தன்மை உடையது, உப்பும் கலந்தது. ஒருமுறை உள்ளே போனால் தாமிர முனையில் பச்சை பூத்துவிடும். டெயில்கேட் தூக்கும்போது வளையும் கேபிள் பகுதியை முதலில் பாருங்கள். வண்டி வாங்கும்போதே உயர் வோல்ட் எதையும் டெயில்கேட்டுக்குக் கொண்டுபோகாமல், மோட்டார்-பம்பை கேபினுக்கும் பெட்டிக்கும் இடையில் வைக்கச் சொன்னால் இந்தத் தலைவலி பாதி குறையும். பின்னால் போவது ஹோஸும் 24 வோல்ட் வயரும் மட்டும் என்றாகிவிடும்.

ஆரஞ்சு நிறக் கேபிளைத் (உயர் வோல்ட்) தொடும் முன், பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, இன்வெர்ட்டர் அட்டையில் சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். அது பொதுவாக 5 முதல் 10 நிமிடம். கெப்பாசிட்டர் காலியாக அவ்வளவு நேரம் ஆகும். பிறகு மீட்டர் வைத்து வோல்டேஜ் இல்லை என்று பார்த்த பின்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். டெயில்கேட்டைத் தூக்கிய நிலையில் வேலை என்றால் இரும்பு முட்டு கொடுக்காமல் அடியில் தலையை நீட்டக் கூடாது.

ஆயில், ஃபில்டர் பராமரிப்பு குறையுமா?

ஆயில் சூடாவது குறைவதால் ஆயுள் கூடும். நம் வெயிலுக்கு 46 கிரேடு ஆயிலை விட, கெட்டியான 68 கிரேடு நல்லது. திரும்பு ஃபில்டர் 10 மைக்ரான். புது வண்டியில் முதல் 50 மணி நேரத்திலேயே ஃபில்டரை மாற்றுங்கள். வெல்டிங் பொடி எல்லாம் அதில்தான் வந்து சேர்ந்திருக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை: தகட்டை அழுத்தத்திலேயே பிடித்துவைக்க மோட்டாரை மிகக் குறைந்த வேகத்தில் தொடர்ந்து ஓட்டக் கூடாது. அந்த வேகத்தில் பம்புக்குள் ஆயில் படலம் நிற்காது, பக்கத் தகடு தேயும். பிடித்துவைக்க வேண்டியது வால்வின் வேலை.

பெட்டிக்குள் குப்பை தீப்பிடித்தால்?

அணையாத சாம்பலாலும், தகட்டில் நசுங்கும் பழைய போன் பேட்டரி, பவர் பேங்க் போன்றவற்றாலும் இது நடக்கிறது. புகை வந்தால் மேற்கொண்டு அழுத்தாதீர்கள். நசுங்க நசுங்க அடுத்த பேட்டரியும் பற்றும். 101-க்குச் சொல்லிவிட்டு, வீடும் மின்கம்பியும் இல்லாத திறந்த இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோய், தீ இன்னும் வெளியே வரவில்லை என்றால் எஜெக்டரால் முழுவதையும் தரையில் தள்ளிவிட்டு வண்டியை விலக்குங்கள். இதற்கும் அந்த 10 சதவீத ஒதுக்கீடு வேண்டும். தீ வண்டிப் பேட்டரியை நெருங்கிவிட்டால் எல்லோரும் விலகிவிட வேண்டும். வந்து சேரும் தீயணைப்பு வீரர்களிடம் பேட்டரி எங்கே இருக்கிறது, எந்த வகை என்று சொல்லுங்கள்.

பழைய டீசல் காம்பாக்டரை இப்படி மாற்றலாமா?

பெட்டியும் சிலிண்டரும் நல்ல நிலையில் இருந்தால் மாற்றலாம். சிலிண்டர், வால்வு, ஹோஸ் எல்லாம் அப்படியே இருக்கும். பி.டி.ஓ. பம்பைக் கழற்றிவிட்டு மோட்டார்-பம்ப், இன்வெர்ட்டர், பேட்டரிப் பெட்டி, சார்ஜர், டி.சி. மாற்றி, இன்சுலேஷன் கண்காணிப்பு, புது கன்ட்ரோலர் ஆகியவை சேரும். மொத்தம் 350 முதல் 400 கிலோ கூடும். அந்த அளவுக்குக் குப்பை குறைவாக ஏற்ற வேண்டும்.

வேலை தொடங்கும் முன் பழைய சிலிண்டர்களின் உள்கசிவைச் சோதியுங்கள். ராடை முழுவதும் நீட்டி, திரும்பு ஹோஸைக் கழற்றி, ஹோஸ் கழன்ற வாய்க்கு நேரே முகம் காட்டாமல் வாளியைப் பிடித்து, சிலிண்டரை அதே பக்கம் அழுத்தத்தில் வைத்துப் பாருங்கள். அந்த வாயிலிருந்து ஆயில் தொடர்ந்து ஒழுகினால் பிஸ்டன் சீல் போய்விட்டது. டீசலில் இந்தக் கசிவை இன்ஜின் மறைத்துவிடும். பேட்டரியில் அது நேராகச் சுற்று எண்ணிக்கையைக் குறைக்கும். சீலுக்குச் சிறு தொகை செலவழிப்பது ஒன்றிரண்டு கிலோவாட்-மணி பேட்டரி கூடுதலாக வாங்கியதற்குச் சமம்.

வண்டியின் அமைப்பை மாற்றுவதால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பொருந்தும். வேலைக்குப் பணம் கட்டும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

டெண்டரில் என்ன கேட்க வேண்டும்?

"பேட்டரி 20 கிலோவாட்-மணி, மோட்டார் 30 கிலோவாட்" என்று மட்டும் எழுதினால் யார் வேண்டுமானாலும் கொடுத்துவிடுவார்கள். ஒரு சுற்றுக்கு எத்தனை வாட்-மணி என்று உச்சவரம்பு எழுதுங்கள். ஒப்படைக்கும் நாளில் காலியாகப் பத்துச் சுற்று, பெட்டி பாதிக்கு மேல் நிறைந்த பின் பத்துச் சுற்று ஓட்டி, மீட்டரில் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். காலிச் சுற்றே 80 வாட்-மணியைத் தாண்டினால் வால்விலோ குழாய் அளவிலோ தவறு இருக்கிறது. சுற்றுகளுக்கு இடையே மோட்டார் முழுதாக நிற்கிறதா என்று தண்டைப் பாருங்கள்; சில கன்ட்ரோலர்கள் நிமிடத்துக்கு 400, 500 சுற்றில் சும்மா ஓடவிட்டுவிடும். கோளாறுப் பதிவைப் படிக்கும் மென்பொருளும் கடவுச்சொல்லும் நகராட்சியின் கையில் இருக்க வேண்டும் என்று எழுதாவிட்டால், சின்னச் சென்சாருக்கும் கம்பெனி ஆளுக்காக வண்டி நாள் கணக்கில் நிற்கும்.

மழை வெள்ளத்தில் போகலாமா?

ஐபி 67 என்ற முத்திரை ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வரை தண்ணீர் புகாது என்று சோதித்ததைக் குறிக்கும். பேட்டரிப் பெட்டி, மோட்டார், இன்வெர்ட்டர், கனெக்டர் அனைத்துக்கும் அது இருந்தால்தான் பயன். சேறும் சாக்கடையும் கலந்த சென்னை வெள்ளம் சோதனைக்கூடத் தண்ணீர் அல்ல. சக்கரத்தின் நடு உயரத்துக்கு மேல் தண்ணீர் ஏறிய வண்டியை வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம், சார்ஜும் போட வேண்டாம். சர்வீஸ் பிளக்கை உருவி, மற்ற வண்டிகளிலிருந்து தள்ளி நிறுத்தி, இன்சுலேஷன் அளந்த பிறகே மின்சாரம் கொடுங்கள். பேட்டரிப் பெட்டிக்குள் தண்ணீர் போன அடையாளம் இருந்தால், அளவு நன்றாகக் காட்டினாலும் அதைக் கழற்றித் திறந்த வெளியில் வைத்துவிட்டுத் தயாரிப்பாளரை அழையுங்கள்.